காய்ச்சலோடு ஈரோட்டுக்கு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று புத்தக அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தோம். தடிமனான டெக்ஸ் வில்லர் புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டியபோது நடுப்பக்கம் விரிந்துகொண்டது. ஒரு குதிரையின் வயிற்றுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். கோடாலித் தைலம்.

"இத்தன வருசத்துக்கப்புறம் வாசம் எப்படீங்க இருக்கும்? எல்லாம் உங்க நெனப்புத்தான்" என்றாள் மனைவி. இருக்கலாம். ஆனால் அந்தக் கறை எந்த ரயிலில், யாருடைய விரலிலிருந்து ஒட்டியது என்று எனக்குத் தெரியும். மதியம் வரை அலமாரி வேலை அப்படியே நின்றுபோனது.

எனக்குக் காமிக்ஸைப் பழக்கியவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், திருப்பூரில் எங்கள் வீதிப் பையன்களெல்லாம் ஆளுக்கொரு பனியன் கம்பெனியில் போய் உட்கார்ந்துவிடுவோம். டெய்லருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, தைத்து விழுகிற பீஸை எடுத்து மடித்து அடுக்கிக் கொடுக்கும் கைமடி வேலை. இன்று எந்தக் கம்பெனி வாசலிலும் குழந்தைத் தொழிலாளர்கள் இங்கே வேலை செய்வதில்லை என்று பலகை தொங்குகிறது. அது நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு அப்படியொரு பலகை இருக்கலாம் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு நேராகப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவார். வீட்டுக்குப் பொரி, கடலை. தனக்கென்று ஒரு முத்து காமிக்ஸ், அல்லது லயன். திங்கட்கிழமை காலை அந்தப் புத்தகம் கட்டிங் டேபிளின் ஓரத்தில், துணிக்குக் கனம் வைக்கிற இரும்புக் கட்டைக்கு அடியில் இருக்கும்.

கரண்ட் போனால்தான் அது வெளியே வரும். ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் கம்பெனிக்குள் வருகிற அமைதி தனி. காதுக்குள் மட்டும் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். மாஸ்டர் துணி ரோல்களின் மேல் ஏறி உட்கார்ந்து சன்னல் வெளிச்சத்தில் உரக்கப் படிப்பார். செக்கிங் பெண்கள் டேமேஜ் பார்ப்பதை விட்டுவிட்டு வருவார்கள், சிங்கர் டெய்லர்கள் பீடியோடு வாசலில் நின்று கேட்பார்கள். அவர் வெறுமனே படிக்க மாட்டார். ஒரு கட்டத்தைப் படித்ததும் புத்தகத்தைத் திருப்பி எங்களுக்குப் படத்தைக் காட்டுவார், பிறகுதான் அடுத்த கட்டம்.

அதிகம் கேட்டது இரும்புக்கை மாயாவிதான். லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வகத்தில் உதவியாளன், விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் காற்றில் தெரியும். நான் ஒருநாள் கேட்டேன்: "மாஸ்டர், இப்பிடிக் கரண்ட் போயிருச்சுன்னா மாயாவி என்னங்க பண்ணுவாரு?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்மூருக்கு வந்தா ஜெனரேட்டர் வெச்சிருக்கற கம்பெனியாப் பாத்துத்தான் எறங்குவாரு கண்ணு" என்றார். செக்கிங் அக்காக்கள் அந்த வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த மாயாவி 1962-ல் லண்டனில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவன் என்பதும், எழுதத் தொடங்கியவர் கென்னத் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. 1972-ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. நாங்கள் கேட்ட காலத்தில் அந்தப் பிரதிகளெல்லாம் கை மாறிக் கை மாறி அட்டை போய், பனியன் பெட்டியின் அட்டையில் தைத்துக் கிடந்தன. மாஸ்டர் ஊசியும் நூலும் எடுத்தால் புத்தகத்தையும் விட மாட்டார்.

அவர் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. அத்தனை சரளமாகப் படிப்பவர் எம்.ஏ. படித்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

1984 ஜூலையில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் வந்தன. லயனை ஆரம்பித்தவர் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், அப்போது அவர் பதின்பருவத்தையே தாண்டாதவர். முதல் புத்தகம் மாடஸ்டி பிளைசி. ராணியின் முதல் புத்தகம் ஜேம்ஸ் பாண்ட். எங்கள் கம்பெனி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டெய்லர்கள் பாண்ட் பக்கம், செக்கிங் பெண்கள் பின்னால் வந்த முகமூடி வீரர் ஃபேண்டம் பக்கம். மாஸ்டர் மட்டும் சிவகாசியை விடவில்லை. அங்கே வந்துசேர்ந்தவர்தான் டெக்ஸ் வில்லர், இரவுக் கழுகு. அவரோடு வெள்ளிமுடிக் கார்சன்.

டெக்ஸ் இத்தாலிக்காரர். 1948-ல் ஜியான் லூயிஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கலெப்பினி வரைந்தது. மாஸ்டருக்கு இத்தாலி என்றாலே தனி மரியாதை, அதற்கு வேறு காரணம் இருந்தது. உள்ளூருக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த திருப்பூருக்கு 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் வழியாக வந்து வெள்ளை டி-ஷர்ட் கேட்டார். ஏற்றுமதிக்கு வழி அதிலிருந்து திறந்தது என்று இங்கே வயதானவர்கள் எல்லோரும் சொல்வார்கள். "நாம அவங்களுக்கு பனியன் அனுப்பறோம், அவங்க நமக்கு டெக்ஸ அனுப்பறாங்க. கணக்கு நேரு" என்பார் மாஸ்டர். அவர் அதை நம்பித்தான் சொன்னார். நானும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ஒரு நீண்ட வறட்சி. கம்பெனிக்குள் டேப் ரிக்கார்டர் வந்தது, பின்னால் செல்போன் வந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடியது, உரக்கப் படிக்க நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. லயனும் முத்தும் எப்போதாவது தலைகாட்டும். நான் சொந்தமாகப் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கத் தொடங்கியிருந்தேன். மாஸ்டரைத்தான் கட்டிங்குக்குக் கூட்டிக்கொண்டேன். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றைக் காப்பாற்றச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் போட்ட துணி இல்லையென்றால் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது? வந்த துணியை வைத்து வாரத்தில் பாதி நாள் ஓட்டினோம். ஒரிசா, பீகார் பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். மாஸ்டர் காலையில் வந்து கட்டிங் டேபிளைத் துடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த வருடம் கழிந்து அடுத்த ஜனவரியில்தான் லயனின் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. வழவழப்பான தாள், வண்ணக் கதைகள். அவர் அதைத் தடவிப் பார்த்தார், துணியின் ஜிஎஸ்எம் பார்க்கிற அதே இரண்டு விரல்களால். "நல்ல கனம்" என்றார். அன்றைக்கே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சந்தா கட்டினோம்.

ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் புத்தகத் திருவிழா 2005-ல் தொடங்கியது. த.ஸ்டாலின் குணசேகரன் தலைமையில் வழக்கமாக ஆகஸ்டில் பன்னிரண்டு நாள். அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, சிவகாசியிலிருந்து ஆசிரியர் விஜயன் வர, பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் கூடிப் பேசுவது வழக்கமாகியிருந்தது. காலையில் ஓர் அரங்கத்தில் கூட்டம், சாயங்காலம் வ.உ.சி. பூங்கா மைதானத்தில் ஸ்டால். இத்தாலியின் லூக்கா நகரத்தில் 1966-லிருந்தும் அமெரிக்காவின் சான் டியாகோவில் 1970-லிருந்தும் காமிக்ஸ்காரர்கள் திருவிழா கொண்டாடுகிறார்கள். அங்கே லட்சம் பேர் வருவார்கள். ஈரோட்டுக்கு வருவது ஒரு கல்யாண மண்டபத்தில் பாதிக்குக்கூடக் காணாது. ஆனால் கடிதப் பக்கத்தில் வருடக்கணக்காகப் பெயரை மட்டும் பார்த்தவர்கள் முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து மாஸ்டருக்கு அதே பேச்சு. ஒரு வருடம் கிளம்ப நினைத்தபோது கண்ணில் புரை முற்றிவிட்டது. மறு வருடம் ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, எழுத்தெல்லாம் கண்ணுக்குள் வந்து விழுகிறது என்று சொல்லிக்கொண்டு ஆகஸ்டுக்காகக் காத்திருந்தார்.

கூட்டம் நடந்த வாரம் எங்கள் வீதியில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கும் குளிர் எடுத்தது. விடிவதற்குள் முதுகெலும்பிலிருந்து கணுக்கால் வரை யாரோ உள்ளே இருந்து முறுக்குவது மாதிரி வலி. ஆறு மணிக்கு மாஸ்டர் வந்து வாசலில் நின்றார். புது வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. பைக்குள் பழைய முத்து காமிக்ஸ்கள், ஒவ்வொன்றும் பனியன் பேக்கிங் செய்கிற பாலிகவருக்குள், கூடவே ஈரம் ஏறாமல் இருக்க ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஏற்றுமதிச் சரக்கை எப்படி அனுப்புவாரோ அப்படியே கட்டியிருந்தார்.

என் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தார். "கொதிக்குதே தம்பி. படு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"இல்லீங்க மாஸ்டர். போறோம்."

மனைவி எதுவும் பேசாமல் பிளாஸ்கில் சுடுதண்ணீரும், ஒரு அட்டை பாராசிட்டமாலும், ஒரு துண்டும் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கும் மாஸ்டரைத் தெரியும்.

ரயிலில் சன்னலோரம் கிடைத்தது. திருப்பூரிலிருந்து ஈரோடு ஐம்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்றைக்கு அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஊத்துக்குளியில் வெண்ணெய்க் கூடையோடு ஒரு அம்மா ஏறியது ஞாபகம் இருக்கிறது. அந்த வாசனைக்கு வயிறு புரண்டது. மாஸ்டர் மடியிலிருந்து கோடாலித் தைலக் குப்பியை எடுத்து என் நெற்றிப் பொட்டில் தேய்த்தார். பெருந்துறை தாண்டும்போது, அந்தக் காலத்தில் கம்பெனியில் எவனாவது ஒரு மாதம் விடாமல் இருமினால் பெருந்துறை சானடோரியத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்றும், தன்னோடு வேலை செய்த ஒருவரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் காமிக்ஸ் எடுத்துக்கொண்டு போவார் என்றும் சொன்னார். பஞ்சுத் தூசியும் ராத்திரி ஷிப்டும் நெஞ்சில் இறங்கி, கடைசியில் காசநோயில் போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அந்த நண்பர் குணமாகி வந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை.

அரங்கத்துக்குள் நுழைந்ததும் ஏ.சி. குளிர் எலும்பில் ஏறியது. பல் கிட்டிக்கொண்டது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நாலு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு என்னைப் படுக்க வைத்தவர்கள் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. அங்கே யாரும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளவில்லை, ஊர்தான் பெயர். சேலத்துக்காரர், புதுச்சேரிக்காரர், கரூர்க்காரர். சேலத்துக்காரர் டெக்ஸ் படம் போட்ட டி-ஷர்ட்டுகளை நண்பர்களுக்கென்று அச்சடித்து ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தார். போர்வைக்கு எங்கே போவது என்று தேடாமல் அந்தக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக என்மேல் போர்த்திவிட்டார். மாஸ்டர் குனிந்து ஒன்றின் கீழ் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். "பிளாட்லாக் நம்மூருதுதான்" என்றார். சேலத்துக்காரர் ஆமாம் என்றார், திருப்பூர் காதர்பேட்டையில் எடுத்தாராம்.

கரூர்க்காரர் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதுங்களா? உடம்புல எங்கியாச்சும் செவப்புப் புள்ளி இருக்குதுங்களா?" என்று கேட்டார். கண்ணுக்குப் பின்னால்தான் வலி. "பாராசிட்டமால் மட்டும் போடுங்க. உடம்பு வலிக்குதுன்னு வேற வலி மாத்திர எதையும் தொட்டுராதீங்க, டெங்குவா இருந்தா ரத்தம் கசிய உட்டுரும். தண்ணி நெறையக் குடிங்க. திங்கட்கிழம ரத்தம் குடுத்துப் பாத்துருங்க." சொன்னதோடு விடவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை அரை மணிக்கு ஒரு தடவை கொண்டுவந்து நீட்டினார். அதற்காக அவர் மேடைப் பேச்சில் எவ்வளவு தவறவிட்டிருப்பார் என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன்.

ஆக, அந்தக் கூட்டத்தை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கண்ணை மூடிக்கொண்டு, டி-ஷர்ட்டுகளுக்கு அடியில். ஒருவர் வண்ணத்தில் போடுங்கள் என்றார், இன்னொருவர் கறுப்பு வெள்ளையின் கோட்டு அழகு வண்ணத்தில் செத்துப்போகிறது என்றார். டெக்ஸா, கேப்டன் டைகரா என்று ஒரு பெரிய சண்டை வந்தது. கேப்டன் டைகர் பிரெஞ்சுக்காரர்களின் புளூபெரி, ஷார்லியே எழுதி ஜான் ஜிரோ வரைந்தது. தோற்கிற, அழுக்கான, மூக்குடைந்த வீரன். டெக்ஸ் தோற்கவே மாட்டார். "வாழ்க்கைலதான் தெனமும் தோக்கறமே, புஸ்தகத்துலயாவது ஜெயிக்கட்டுமே" என்று ஒரு குரல் சொன்னது. "தோக்கறவன்தாங்க நம்மாளு" என்று இன்னொரு குரல். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். காய்ச்சலில் எனக்கு அந்தக் குரல்களெல்லாம் ரொம்ப நாள் பழகிய குரல்களாகவே கேட்டன. கடிதப் பக்கத்தில் படித்த வாக்கியங்கள் அவரவர் தொண்டையில் ஒலித்தால் அப்படித்தானே இருக்கும்.

மைக்கை மாஸ்டரிடம் யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அவர் குரல் ஸ்பீக்கரில் வந்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

தன் ஊர் திருப்பூர், தொழில் கட்டிங் என்றார். இரண்டாங்கிளாசோடு நின்றுவிட்டதாகவும், பதினாலு வயதில் பனியன் கம்பெனிக்கு வந்தபோது தன் பெயரை மட்டுமே எழுதத் தெரியும் என்றும் சொன்னார். சம்பளப் புத்தகத்தில் கணக்குப்பிள்ளை என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் கைநாட்டு வைத்த நாட்களைச் சொன்னார். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு மாயாவி புத்தகம். முதலில் படம் மட்டும் பார்த்தாராம். பிறகு 'ஆ' என்று கத்துகிற இடம், 'டமால்' என்று வெடிக்கிற இடம். படத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும், ஆகவே எழுத்து அதைத்தான் சொல்லியாக வேண்டும் என்று ஊகித்து ஊகித்து எழுத்துக் கூட்டினாராம். எழுத்து கைவிட்ட இடத்தில் படம் பிடித்துக்கொண்டது என்றார். ஒரு வருடத்தில் சம்பளப் புத்தகத்தைத் தானே படித்தார். இரண்டாம் வருடத்தில் கம்பெனியில் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினார், முதலில் அவர்களுடைய சம்பளக் கணக்கை, பிறகு மாயாவியை.

எத்தனையோ கரண்ட் இல்லாத மதியங்களில் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டவன் நான். இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. துணி ரோல் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் படித்துவிட்டு ஏன் படத்தைத் திருப்பிக் காட்டினார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தான் கற்றுக்கொண்ட வழியிலேயே எங்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். எங்கள் செக்கிங் அக்காக்களில் இரண்டு பேர் பிற்பாடு பஸ் போர்டைத் தாங்களே படித்து ஏறியது எனக்குத் தெரியும். சித்திரக்கதை படித்தால் பையன் கெட்டுப்போவான் என்று சொன்ன ஆசிரியர்கள், பெற்றோர்கள் எல்லோரையும் அந்த அரங்கத்துக்குள் கூட்டிவந்து உட்கார வைத்திருக்க வேண்டும் என்று அன்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் எழுத்தறிவு வளர்ந்த கதையை யாராவது முழுதாக எழுதினால் சிவகாசி அச்சுக்கூடங்களுக்கு ஒரு அத்தியாயம் கொடுக்க வேண்டும்.

கை தட்டினார்கள். மாஸ்டர் பையிலிருந்த பழைய புத்தகங்களை எடுத்து வைத்ததும் ஒரு கூட்டமே சுற்றிக்கொண்டது. பாலிகவரிலிருந்து எடுக்கத் தயங்கினார்கள். "எடுங்க, எடுங்க, படிக்கறதுக்குத்தான் கொண்டாந்தேன்" என்றார். புதுச்சேரிக்காரர் ஒருவர் பெட்டி அட்டையில் போட்டிருந்த தையலைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.

மதியம் எனக்கு ஒரு தம்ளர் ரசம் மட்டும் இறங்கியது. சாயங்காலம் பூங்கா மைதானத்தில் கூட்டம் நெரிந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டாலுக்குள் போக எனக்கு முடியவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் போய்ப் புது டெக்ஸ் புத்தகத்தில் ஆளுக்கொன்று வாங்கிவந்தார்.

திரும்பும் ரயிலில் காய்ச்சல் மறுபடி ஏறியது. மாஸ்டர் இடது கையால் என் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு வலது கையில் புத்தகத்தைப் பிடித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். எதிரில் ஈங்கூரில் ஏறிய மில் பெண்கள் மூன்று பேர். முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஊத்துக்குளி வருவதற்குள் ஒருத்தி கேட்டாள்: "அந்தக் கெழவர் யாருங்க, அவருகூட வர்றவரு?" மாஸ்டர் தைலக் கையாலேயே பக்கத்தைப் புரட்டி, குதிரைமேல் இருக்கும் வெள்ளிமுடியாரை அவர்களுக்குத் திருப்பிக் காட்டினார். நான் முதலில் சொன்ன கறை அதுதான்.

திங்கட்கிழமை பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சலைன், பப்பாளி இலைச் சாறு, மாஸ்டர் வீட்டிலிருந்து வந்த நிலவேம்புக் கசாயம். கரூர்க்காரர் தினமும் சாயங்காலம் போன் செய்து பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்பார். எண்ணிக்கை ஏறத் தொடங்கிய அன்றைக்கு என்னைவிட அவர்தான் பெரிதாகச் சத்தம் போட்டார். சேலத்துக்காரர் அந்த டி-ஷர்ட்டுகளில் ஒன்றை என் அளவுக்குக் கூரியரில் அனுப்பினார். இவர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொரோனாவுக்குப் பிறகு காய்ச்சல்காரன் ஒருவன் கூட்டத்துக்குள் வந்தால் நாற்காலிகள் விலகும், அதைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு நாற்காலிகள் சேர்ந்தன.

மாஸ்டரின் பேத்தி இப்போது திருப்பூரிலேயே ஆடை வடிவமைப்பு படிக்கிறாள். 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதல்முறையாகக் காமிக் கான் நடந்தபோது தோழிகளோடு போய்வந்தாள். போனில் படம் படமாகக் காட்டினாள். ஸ்பைடர்மேன் வேடம், பேட்மேன் வேடம், ஜப்பான் கார்ட்டூன் வேடங்கள், நீல முடி, இளஞ்சிவப்பு முடி. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஆளைப் பார்க்கவில்லை, தோள் மூட்டுத் தையலைத்தான் பார்த்தார். "லைக்ரா கலந்த துணி. இழுத்துத் தச்சிருக்கான், கைதூக்குனா விட்டுரும்" என்று சொல்லி, எங்கே எவ்வளவு லூஸ் விட வேண்டும் என்று அவளுக்கு விளக்கினார். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அங்க நம்ம மாயாவி ஒருத்தரும் இல்ல தாத்தா" என்றாள்.

"அவருதான் கண்ணுக்குத் தெரிய மாட்டாரே" என்றேன் நான்.

"கை தெரியுமில்ல" என்றார் மாஸ்டர்.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான் இப்போதைய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பவர் டேபிளில் தாத்தாவும் பேத்தியும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கறுப்புத் துணியில் தலைமுதல் கால்வரை ஒரு அங்கி, வலது கைக்கு மட்டும் வெள்ளிப் பூச்சுத் துணியில் விரல் விரலாக மடிப்பு வைத்த கையுறை. பேட்டர்ன் அட்டையில் மாஸ்டர் சாக்பீஸால் ஐந்து விரலையும் வரைந்து வெட்டிவிட்டார். கட்டைவிரல் கணு மடங்குகிற இடம் சரியாக வரவில்லை என்று மூன்றாவது தடவையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள் அவள். அங்கியைப் போட்டுக்கொண்டு அவள் ஈரோட்டுக்கு வருகிறாளாம், பிறகு சென்னைக்கும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் எந்த ஷிப்மென்ட்டையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று மாஸ்டர் எனக்கு இப்போதே சொல்லிவிட்டார்.